தினசரி அசனம்

"ஏளா சாலோமி, கட்டைப்பையை எங்க வச்ச?" என்று என் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டார். நான் அடுக்களையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஃப்ரிட்ஜைக்கூடத் திறந்து பார்த்தார். நான் புளிக்கையோடு வாசலுக்கு வந்து, "உங்க தோளைப் பாருங்க" என்றேன். பை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கெல்லாம் வெட்கப்படுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "இன்னைக்கு அந்த மனுசன் முழு இலை சாப்பிடுதாரா இல்லையான்னு பாரு" என்று சொல்லிவிட்டு, வெங்காயம், எங்கள் ஊர்ப் பேச்சில் உள்ளி, வாங்க மார்க்கெட்டுக்குப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, மார்க்கெட்டில் உள்ளி மூட்டைமேல் உட்கார்ந்தவாக்கில் இறந்துபோனார். எழுபத்தோரு வயது. கையில் ஒரு உள்ளி இருந்ததாம். அது அழுகல் என்று கடைக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தாராம்.

அவர் என்ன திட்டம் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த மனுசன் யார் என்று மட்டும் சொல்ல முடியும். அதற்கு முதலில் அசனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வருடத்துக்கு ஒரு தடவை பண்டிகை முடிவில் அசனம் வைப்போம். இன்னார் இனியார் என்று பார்க்காமல் வந்தவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. முந்தின நாளே சபையார் கூடிக் காய் வெட்டுவார்கள். என் வீட்டுக்காரர் சத்தியநேசன் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்ற வருடம், அசனப் பந்தியில் ஒரு பெண் பாதிச் சோற்றை இலையோடு சுருட்டித் தலைப்பில் முடிந்துகொண்டதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"வருசத்துல ஒரு நாள் சோறு போட்டுட்டு மிச்ச முந்நூத்தி அறுவத்தி நாலு நாளும் நாம என்னத்தப் புடுங்குதோம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசிக் காலத்துக்கென்று பெருமாள்புரத்தில் வாங்கிப் போட்டிருந்த மனை விலைபோய், ஆறே மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையாகவும் இரண்டு அடுப்பாகவும் ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய அண்டாவாகவும் மாறியது. பெயர் 'தினசரி அசனம்'. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பந்தி. அங்கே ஒரே சட்டம்தான்: யாரும் சும்மா சாப்பிடக் கூடாது, ஆளுக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். சும்மா சாப்பிட்டால் சோறு தொண்டையில் நிற்கும் என்பது அவர் எண்ணம். பத்துப் பேர் வந்தவரைக்கும் சட்டம் ஒழுங்காக ஓடியது. அறுபது பேர் ஆனபோது வேலைக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்க்க ஒருவர். அவர் பார்க்கிறாரா என்று பார்க்க ஒருவர். கறிவேப்பிலைச் செடிக்குப் பேச்சுத் துணையாக ஒரு பாட்டையா.

அதே சமயம் காய் வெட்ட மட்டும் ஆள் பற்றாது. அதனால் தெருவில் போகிறவர்களைப் பிடிப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினால் ஒரு பூசணிக்காயை முடித்துவிட்டுத்தான் நகர முடியும். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஸ்டெபியைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசல் தெரியாமல் எங்கள் வாசலுக்குள் வந்துவிட்டார்கள். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கத்தி கொடுத்து உட்கார்த்திவிட்டார். மரியாதைக்கு அவர்களும் ஐந்து கிலோ உள்ளியை உரித்தார்கள். அதன் பிறகு கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெண் வீட்டுக்குள் நுழைந்தார்கள். பெண்ணைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டால் கண்ணைத் துடைத்தார். இவ்வளவு பாசமான சம்பந்தமா என்று ஸ்டெபியின் அம்மா அன்றைக்கே சரி சொல்லிவிட்டாள். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயதாகிறது.

இனி அந்த மனுசன். பெயர் சிவசைலம். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் செக்கர். டிக்கெட் வாங்காத குற்றத்துக்காகச் சொந்தத் தங்கை மாப்பிள்ளையையே முக்கூடலில் இறக்கிவிட்டவர். கண்டக்டர்கள் வாங்கிக் கொடுத்த காப்பியை ஒரு நாளும் குடித்ததில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள், பென்ஷன் கிடையாது, மனைவியும் போய்ச் சேர்ந்தாள். எங்களுக்குப் பின் தெருவில் ஒற்றை அறையில் இருந்தார். மத்தியானம் தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, வாயில் ஒரு பல்குச்சியைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். சாப்பிட்டு முடித்தவர் மாதிரி.

குழாயில் அவர் தண்ணீர் குடித்ததை என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தொடர்ந்து பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் சிவசைலத்தின் வாசலுக்கே போனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"செக்கரே, ஒரு உதவி வேணும்."

"சோத்துக்குக் கூப்பிடுதீரோ? நான் சாப்பிட்டாச்சு."

"உம்மச் சோத்துக்கு யாருவே கூப்பிட்டா? சமையல் சரியில்லன்னு புகார் வருது. பரிசோதனை பண்ண நேர்மையான ஆளு ஒருத்தர் வேணும்."

அப்படி ஒரு புகாரும் வரவில்லை. எங்கள் சமையல்காரி முத்துராணியைப் பற்றிப் புகார் சொல்லுகிற தைரியம் அந்த வட்டாரத்தில் யாருக்கும் கிடையாது.

சிவசைலம் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "எழுத்துல ஆர்டர் உண்டுமா?"

நான்தான் ஆர்டர் எழுதினேன், என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். 'உணவுப் பரிசோதகர், தினசரி அசனம்.' சீல் இல்லாத ஆர்டரை வாங்க மாட்டேன் என்றார். வீட்டில் இருந்த ஒரே சீல், நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தபோது வைத்திருந்தது. அதைக் குத்திக் கொடுத்தோம். 'தாமதமின்றித் திருப்பித் தரவும்' என்று நல்ல ஊதா மையில் விழுந்தது. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பன்னிரண்டு இருபதுக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு கால் தெரிந்தது. அப்புறம் இன்னொரு கால்.

"வாசல் வழியா வரலாம்லா அண்ணாச்சி!" என்றாள் முத்துராணி.

"செக்கர் ஸ்டாப்புல ஏறுனா அது என்ன செக்கிங்?" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். கையில் நோட்டு, கழுத்தில் விசில். சாம்பாரில் ஒரு கரண்டி வாங்கி, வாயில் விட்டு, கண்ணை மூடினார். அறுபது பேர் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

"உப்பு ஒரு பொட்டுக் கம்மி. பந்தி விடக் கூடாது."

"என்னது?" முத்துராணி அகப்பையை இடுப்பில் ஊன்றினாள். "ஏம் ஆபீசரே, இருவது வருசமா கல்யாணச் சமையல் பாக்கேன். நீரு இதுக்கு முன்ன எத்தன அண்டாவக் கண்டீரு?"

"நான் வண்டியும் ஓட்டுனது இல்ல. ஆனா டிக்கெட் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியும்."

உப்பு போட்ட பிறகுதான் பந்தி நடந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் செக்கர் சாம்பாரில் ஒரு கரண்டி, கூட்டில் ஒரு கரண்டி, ரசத்தில் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வந்த சுவர் வழியாகவே போய்விட்டார். தினமும் அப்படித்தான். மூன்று கரண்டி. அதற்கு மேல் ஒரு பருக்கை தொட மாட்டார்.

என் வீட்டுக்காரர் கரண்டியை மாற்றி அகப்பையை வைத்துப் பார்த்தார். 'அகப்பை விதிமுறைக்குப் பெரிது' என்று நோட்டில் குறிப்பு வந்தது. சோறும் குழம்பும் சேர்ந்தால் எப்படி இருக்கிறது என்று முழு இலையாகச் சோதிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். 'மாதிரி அளவு அதிகம். பொதுச் சோறு வீணாகிறது.' நான்கு மணிக்கு ஊசிப்போகிறதா என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினார். நான்கு மணிக்குத் தூக்குச்சட்டி நிறையச் சோறோடு திரும்பி வந்தது. 'ஊசவில்லை.'

சாப்பிட்ட அறுபது பேரைப் பற்றி என் வீட்டுக்காரர் பேசவே மாட்டார். சாப்பிடாத இந்த ஒருவரைப் பற்றித்தான் பேச்செல்லாம். "இடுப்புல வேட்டி நிக்கல பாத்தியா? பெல்ட்டுல புதுசா ஒரு ஓட்டை போட்டிருக்காரு." தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். பாதி அப்படியே கிடக்கும்.

இதற்கிடையில் டிக்கெட் இல்லாமல் வண்டி ஓடக் கூடாது என்று செக்கர் பிடிவாதம் பிடித்தார். மூன்று பெட்டி கேரம் காய்களில் நம்பர் எழுதி டோக்கன் ஆக்கினோம். ஐம்பத்தேழுதான் வந்தது. மீதி மூன்றுக்கு என் பழைய கோட்டுப் பொத்தான்கள். டோக்கன் இல்லாதவரை என்ன செய்வது என்பதில் இருவருக்கும் இரண்டு நாள் தகராறு.

"எறக்கி விடணும்" என்றார் செக்கர்.

"பசிச்சவனை எறக்கி விட்டா நான் எதுக்குவே வண்டி ஓட்டுதேன்?"

"அப்பம் அபராதம் போடும்."

"அபராதமும் சோறாத்தான் இருக்கணும்."

கடைசியில் ஒத்துவந்த வாசகம் கொட்டகைச் சுவரில் பெயின்டில் ஏறியது: 'பந்தி நேரத்தில் டோக்கன் இல்லாமல் பிடிபடுபவர் முழு இலை சாப்பிட்டு, பெரிய அண்டாவைக் கழுவ வேண்டும்.' அந்த அண்டாவுக்குப் பயந்தே எல்லாரும் கேரம் காயைத் தாலி மாதிரி காத்தார்கள். பிடிபட்டது ஒரே ஓர் ஆள். என் வீட்டுக்காரர். செக்கர் விசில் அடித்தார். எழுபத்தோரு வயதில் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் இறங்கினார். "நிறுவனருன்னு ஒரு சலுகை கெடையாதாவே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஓனரா இருந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான்" என்றார் செக்கர்.

அது நடந்து இரண்டு வாரத்தில்தான் மார்க்கெட்டிலிருந்து உள்ளிக்கடை அகமது மீரான் பாய் தன் லோடு ஆட்டோவில் இவரைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே அரை மூட்டை உள்ளியையும் இறக்கினார். "எல்லாம் சார் பொறுக்கி வச்சது, அக்கா. ஒண்ணுகூட அழுகல் கெடையாது" என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மகன் ஜெனோ ஷார்ஜாவிலிருந்து வர மறுநாள் ஆகும். ஃப்ரீசர் பெட்டியில் வைத்தோம். பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல அறுபது பேரும் கேரம் காய்களோடு வந்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து அப்படியே முற்றத்தில் நின்றார்கள். போகவும் மனமில்லை, கேட்கவும் வாயில்லை. முத்துராணி கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அரிசி ஊறிக் கிடந்தது. நாசரேத்திலிருந்து வந்திருந்த மதினி, இவருடைய அக்கா, தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: "துட்டி வீட்டுல அடுப்பெரியப்பிடாது. எல்லாரையும் போகச் சொல்லு."

அப்போது பின்பக்கச் சுவரில் ஒரு கால் தெரிந்தது.

சிவசைலம் இறங்கி நேராக வந்தார். பெட்டிக்கு முன்னால் நின்றார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பிறகு மதினி பக்கம் திரும்பினார்.

"அம்மா, வீடு ஒரு ரூட்டு. கொட்டகை வேற ரூட்டு. ஒரு ரூட்டுல வண்டி நின்னா எல்லா ரூட்டுலயும் நிப்பாட்டுவாங்களா?"

"நீரு யாருவே இதச் சொல்ல?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஆர்டரை எடுத்து, நான்கு மடிப்பையும் பிரித்து நீட்டினார். மதினி கண்ணாடியை மாட்டி வாசித்தார்கள். சீலுக்கு வந்ததும் நிறுத்தினார்கள். "தாமதமின்றித் திருப்பித் தரவும்... இது என்னடி சாலோமி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்து நான்கு பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பிடித்த பிடியில் பாதியில் அது அழுகையாகவே ஆகிவிட்டது. "மதினி, அடுப்பெரியட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அரை மூட்டை உள்ளியைத்தான் உரித்தோம். மீரான் பாயும் உட்கார்ந்து உரித்தார். யாருக்கும் அழுவதற்குத் தனி இடம் தேட வேண்டியிருக்கவில்லை. செக்கர் சாம்பாரில் ஒரு கரண்டி வாங்கினார். கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. "சரி. பந்தி விடலாம்" என்றார். அறுபது பேரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் அடிச்சட்டியை வழித்து வாயில் வைத்த பிறகுதான் முத்துராணிக்குத் தெரிந்தது, அன்றைக்கு அவள் உப்பே போடவில்லை.

அடக்கம் முடிந்து நான்காம் நாள், பன்னிரண்டு நாற்பதுக்கு, சிவசைலம் முன்வாசல் வழியாக வந்தார். அதற்கு முன் அவர் அந்த வழியாக வந்ததே இல்லை. கொட்டகையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஜெனோ பரிமாறிக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் வந்து ஆர்டரை நீட்டினார்.

"தங்கச்சி, நியமிச்சவரு போயிட்டாரு. இனிமே இது செல்லாது. திருப்பித் தரணும்னு சீல்லயே போட்டிருக்கு."

"அந்தச் சீலு சும்மா குத்துனது அண்ணாச்சி. நீங்க எப்பவும்போல வாங்க."

"போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து உள்ள ஆர்டரு. அவரு இல்லாம நான் வந்து நின்னா, அது சோத்துக்கு வந்து நிக்கதுதானே."

நான் வாங்கவில்லை. அவர் அதைத் தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் பைய வைத்தார். அவருடைய மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. மூன்று கரண்டியும் இனி இல்லை. நாளை முதல் குழாய்த் தண்ணீரும் பல்குச்சியும்தான்.  அவர் திரும்பி நான்கு எட்டு வைத்துவிட்டார்.

"நில்லும்வே!"

முத்துராணி அகப்பையோடு வந்தாள். அவர் வராத நாளெல்லாம் தேக்கி வைத்திருந்த கோபம். "உப்பே இல்லாத சாம்பாரைச் சரின்னு சொல்லி எம் பேரைக் கெடுத்துட்டு, இப்பம் ராஜினாமா வேறயா? இருவது வருசத்துல எங்கையால உப்பில்லாம ஒரு பந்தி போனதில்ல! நல்லா இருந்த அன்னைக்கெல்லாம் கொறை சொன்ன வாயி, அன்னைக்கு என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

"அன்னைக்கு..." என்றார் சிவசைலம். "அன்னைக்கு எனக்கு உப்புத் தெரிஞ்சுது."

முத்துராணி அகப்பையைத் தாழ்த்தினாள். கண்ணைத் துடைத்தாள். அதற்காக விட்டுவிடுகிறவளும் இல்லை.

"சரி, வேலைய விட்டுட்டியளா?"

"விட்டாச்சு."

"இப்பம் ஆபீசர் இல்லையே?"

"இல்ல."

"பந்தி நடக்குற நேரம். கொட்டகைக்குள்ள நிக்கிய. ஆபீசரும் இல்ல." அகப்பையை நீட்டினாள். "டோக்கன எடும்."

அறுபது பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மின்விசிறியைப் பார்க்கிறவர்கூட கீழே பார்த்தார். சிவசைலம் தன் கையறியாமல் சட்டைப் பையைத் தொட்டார். விசில் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு வந்தது. வேட்டி மடிப்பைத் தடவினார். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்கள் அப்படித் தடவியதை எதிரில் நின்று பார்த்தவர். முகத்தில் அதே திருட்டு முழி. சுவரில் பெயின்டில் இருந்த வாசகத்தைத் திரும்பிப் பார்த்தார். அதில் பாதி அவர் எழுதியது.

"இல்ல" என்றார். "பிடிபட்டேன்."

தன் நோட்டையே எடுத்து, தன் பெயருக்கு ஒரு அபராதச் சீட்டு எழுதி, பிடித்தவர் என்ற இடத்தில் முத்துராணியிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு பந்தியின் கடைசியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஜெனோ இலை போட்டான். முதல் சோற்றைக் கொஞ்சமாகப் பிசைந்தார். இரண்டாவது சோறு கேட்கவில்லை, ஜெனோ வைத்தான். மூன்றாவது அவரே கேட்டார். அவர் சாப்பிடும்போது யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அறுபது பேரும் ரொம்பப் பாடுபட்டார்கள்.

சாப்பிட்டு முடித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் இறங்கினார். சாம்பலும் புளியும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தார். "உள்ள சரி, வெளிய அடிக்கரி போகலையே தங்கச்சி. நாளைக்குத்தான் பாக்கணும்" என்றார்.

மறுநாள் சுவர் ஏறி வந்தார். ஜெனோ ஒரு கேரம் காயை எடுத்து நீட்டினான். "இருக்கட்டும் தம்பி, பொறவு வாங்கிக்கிடுதேன்" என்று சொன்னவர் வாங்க மறந்துவிட்டார். முத்துராணி விசில் அடித்தாள். அதற்குள் அவளும் ஒரு விசில் வாங்கியிருந்தாள். அதற்கு மறுநாளும் டோக்கன் இல்லை. எட்டு மாதமாகத் தினமும் டோக்கன் இல்லாமல் வந்து, தினமும் பிடிபட்டு, தினமும் சீட்டு எழுதிவிட்டு உட்காருகிறார். பெல்ட்டில் பழைய ஓட்டைக்கே திரும்பிவிட்டார். கொட்டகையை நான், முத்துராணி, சபை வாலிபர்கள் எல்லாரும் சேர்ந்து ஓட்டுகிறோம்.

சாம்பல், புளி, எலுமிச்சைத் தோல், செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டார். அண்டாவின் அடிக்கரி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.